மூடுபனியில் கேட்ட பெயர்

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அம்மா ஜோர்தானிலிருந்து திரும்பி வந்தாள். அவள் வேலைக்குப் போகும்போது எனக்கு நாலு வயது. இடையில் இருந்த ஐந்து வருடமும் அவள் எனக்கு வெறும் குரல்தான். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அப்பாவின் போனில் அந்தக் குரல் வரும். சாப்பிட்டாயா, படித்தாயா, அத்தை சொல்வதைக் கேட்கிறாயா என்று மூன்று கேள்வி கேட்கும். மூன்றுக்கும் ஆமாம் சொல்லிவிட்டு நான் போனை அத்தையிடம் கொடுத்துவிடுவேன்.

அந்தக் குரலுக்குப் பின்னால் இன்னொரு குரலும் கேட்கும். ஒரு சிறுமியின் குரல். அம்மா வேலை செய்த வீட்டுப் பிள்ளை அது. என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா திரும்பி, "இரு நூரா, வாறேன்" என்று தமிழிலேயே சொல்வாள். அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு தமிழ் தெரிந்திருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

என்னை வளர்த்தது அப்பாவின் அக்காதான். அப்பாவும் அத்தையும் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர்கள். அப்பா கண்டியில் பள்ளிக்கூட வேன் ஓட்டத் தொடங்கியதும் குண்டசாலையில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து அத்தையையும் கூட்டி வந்துவிட்டார். அத்தையின் பாயில்தான் நான் படுப்பேன். பள்ளிக்கூடத்தில் அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டால் அத்தையைப் பற்றித்தான் சொல்வேன்.

அம்மா வர இன்னும் ஏழு மாதம் இருப்பதாக எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒரேயொரு பையோடு வந்து இறங்கினாள். அவள் வேலை செய்த வீட்டுக்காரர்கள் ஊர் மாறிப் போகிறார்கள் என்று எனக்குச் சொல்லப்பட்டது. வந்தவள் விடிவதற்கு முன் எழும்பி, ஏற்கெனவே துடைத்திருந்த தரையைத் திரும்பவும் துடைத்தாள். நாங்கள் சாப்பிடும்போது கதிரையில் உட்காராமல் குசினி வாசலில் நின்றாள். என்னை எங்கே போனாலும் கண்ணாலேயே தொடர்ந்தாள். தெருமுனைக் கடைக்கு நான் சீனி வாங்கப் போனால், கடை வரைக்கும் பின்னாலேயே வந்து, நான் திரும்பியதும் எனக்கு முன்னால் வீட்டுக்குள் போய்விடுவாள். பள்ளிக்கூடம் விடுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே கேட் வாசலில் நிற்பாள். கூட்டாளிகள் கேலி செய்தார்கள். நான் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு இது பெரிய கவலையாகிவிட்டது. ஒரே வீட்டுக்குள் தாயும் மகளும் பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த இரண்டு பிரயாணிகள் மாதிரி இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. ஜோர்தானைப் பற்றி அவர் என்ன கேட்டாலும் அம்மா சூடு, குளிர், ரொட்டி என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுவாள். ஒரு தடவை மட்டும் கொஞ்சம் கூடச் சொன்னாளாம். பாலைவனத்துக்கு நடுவில் மலைகள் உள்ள ஒரு பூங்கா இருக்கிறது, லீவு நாட்களில் வீட்டுக்காரர்கள் அதற்குப் பக்கத்தில் கூடாரம் அடித்துத் தங்குவார்கள், சமைக்கவும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் தன்னையும் கூட்டிப் போவார்கள் என்று. அவள் வாயிலிருந்து வந்த ஒரே நீளமான பேச்சு அதுவாக இருந்தபடியால், அதுதான் அவளுக்குப் பிடித்த விஷயம் என்று அப்பா முடிவு கட்டிவிட்டார். அவரளவில் அது சரியான கணக்குத்தான்.

ஆகஸ்ட் லீவில், கண்டியில் ஒரு கடையில் கூடாரத்தை வாடகைக்கு எடுத்தார். ஒரு முறை அலுவலகக்காரர்களை ஹயருக்கு ஏற்றிக்கொண்டு நக்கிள்ஸ் மலைப் பக்கம் போயிருந்தபோது, காட்டு எல்லைக்கு வெளியே ஒரு புல்வெளியில் ஆட்கள் கூடாரம் அடித்திருந்ததை அவர் பார்த்திருந்தார். அம்மாவிடம் சொன்னபோது அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த இடத்துக்கு வேலி இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். அப்பா சிரித்தார். மலைக்கு யார் வேலி போடுவார்கள் என்றார். அத்தை ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக் கொடுத்துவிட்டு, தனக்கு இடுப்பு வலி என்று வீட்டில் நின்றுகொண்டாள். இப்போது யோசித்தால் அது வலியில்லை, எங்கள் மூவரையும் தனியாக விட்டுவைத்த உபாயம்.

தெல்தெனிய தாண்டி ஏறத் தொடங்கியதும் கீழே நீர்த்தேக்கம் வற்றிப்போய் அதன் ஓரமெல்லாம் செம்மண்ணாகத் தெரிந்தது. மழை பெய்து பல நாட்களாகியிருந்தன. தேயிலை முடிந்து பைனஸ் மரங்கள் வந்தன. பைனஸும் முடிந்து, காய்ந்து மஞ்சளாகிப்போன மானாப்புல் மலை முழுக்கக் காற்றில் படுத்து எழும்பிக்கொண்டிருந்தது. பச்சையைத் தவிர வேறு மலையை நான் பார்த்ததில்லை. அம்மா என்னை யன்னல் பக்கம் உட்கார விடவில்லை. வளைவுகளில் அவள் கை என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

அப்பா சொன்ன புல்வெளியில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. பகல் இரண்டு மணியிருக்கும். ஓடையில் ஒரு விரல் அளவு தண்ணீர் ஓடியது. கூடாரத்தை விரித்தபோதுதான் அதை நிமிர்த்துகிற இரண்டு கம்பிகளில் ஒன்று பையில் இல்லை என்பது தெரிந்தது. அப்பா கடைக்காரனை மெதுவாகத் திட்டிக்கொண்டு, வழியில் ஒரு பெட்டிக்கடையைக் கண்டோமே, அங்கே கயிறு வாங்கி வந்து மரத்தில் இழுத்துக் கட்டிவிடலாம், அரை மணித்தியாலத்தில் வந்துவிடுவேன் என்று புறப்பட்டார். எல்லாரும் போகலாம் என்று அம்மா சொன்னாள். சாமான்களை யார் பார்ப்பது என்று அப்பா கேட்டார். பிறகுதான் எனக்குப் புரிந்தது, எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் சேர்த்து வைப்பதும் அவருடைய எண்ணமாக இருந்திருக்க வேண்டும்.

வேன் சத்தம் மறைந்ததும் அம்மா தன் சால்வையின் ஒரு முனையை என் மணிக்கட்டிலும் மறுமுனையைத் தன் கையிலும் கட்டினாள். எனக்கு அழுகை வந்தது. எனக்கு ஒன்பது வயது, நாலாம் வகுப்புப் பரீட்சையில் மூன்றாவதாக வந்தவள். அவளோ என்னையும் இழுத்துக்கொண்டு கல் தேடினாள், சுள்ளி பொறுக்கினாள். அடுப்பு மூட்ட இரண்டு கையும் தேவைப்பட்டபோது தன் கையிலிருந்த முடிச்சை அவிழ்த்து, பக்கத்தில் நின்ற ஒரு கொய்யாச் செடியில் கட்டினாள். ஆட்டைக் கட்டுவது மாதிரி. அதற்குப் பிறகு என்னால் பொறுக்க முடியவில்லை. காற்று நெருப்பை அணைத்துக்கொண்டே இருந்தது. புகைக்கு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்ட நேரம் நான் பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்துவிட்டு, புல்லுக்குள் குனிந்து மேட்டின் பக்கம் ஏறினேன்.

ஓடிப்போகும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. மேட்டில் நின்றால் பாதை தெரியும், அப்பாவின் வேன் வருகிறதா என்று பார்க்கலாம் என்றுதான் போனேன். அரை மணித்தியாலம் எப்போதோ கடந்துவிட்டது. மேலே ஏறியபோது பாதை தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் ஏறினேன். அப்போது மலை இடுக்கு வழியாக மூடுபனி இறங்கியது. முதலில் எதிர்மலை போனது. பிறகு கீழே இருந்த மரங்கள் போயின. கடைசியில் என்னைச் சுற்றி இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு மட்டும் புல் தெரிந்தது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தேன் என்பது எனக்கு மறந்துவிட்டது.

கீழே அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. கொஞ்ச நேரம் கிடந்து தேடட்டும் என்று நினைத்தேன். திரும்பவும் கூப்பிட்டாள். காற்றில் குரல் ஒரு தடவை இடப்பக்கத்திலும் ஒரு தடவை முதுகுக்குப் பின்னாலும் கேட்டது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பதில் சொல்ல நான் வாயைத் திறந்தபோது பெயர் மாறியது.

"நூரா! தஆலி, நூரா!"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த மற்றச் சொல் என்னவென்று எனக்கு அப்போது தெரியாது. வா என்று அர்த்தமாம். பெயர் மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஐந்து வருடம் வெள்ளிக்கிழமைதோறும் கேட்ட பெயர். மலையில் நான் தொலைந்து நிற்கிறேன், இவள் அந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறாள். அப்படியே புல்லில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். குரல் கிழிந்து, கரகரத்து, கடைசியில் அது பெயராகவே இல்லை. நான் எண்ணத் தொடங்கினேன். முந்நூறு வரை எண்ணியது நினைவிருக்கிறது.

பிறகு குரல் நின்றுவிட்டது.

அதுதான் பெரிய பயம். அவள் கூப்பிட்டுக்கொண்டிருந்த வரைக்கும், எனக்குக் கோபப்பட ஓர் ஆள் இருந்தது. இப்போது காற்றும் புல்லும் மட்டும் இருந்தன. ஏதோ சரிந்து கல் உருளும் சத்தம் கேட்டது. அம்மா என்று கத்தினேன். அவள் வந்த ஆறு வாரத்தில் அந்தச் சொல்லை அவளிடம் நான் சொன்னதில்லை. அப்போது அது யோசிக்காமல் வந்தது. திரும்பத் திரும்பக் கத்தினேன்.

புல் விலகியது. அவள் நடந்து வரவில்லை. தரையைக் கையால் தடவித் தடவி முழங்காலில் வந்தாள். பாவாடை கிழிந்து முழங்கால் இரண்டும் ரத்தமாக இருந்தன. அடிப்பாள் என்று கையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டேன். அவள் என் தலையைத் தொட்டாள், காதைத் தொட்டாள், கைகளைத் திருப்பிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி உள்ளங்காலைக்கூடத் தடவிப் பார்த்தாள். ஒரு பொருளை உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு என்னை மடிக்குள் இழுத்துக்கொண்டு சொன்னாள்.

"அசையாத. தொலைஞ்சா இருந்த எடத்துலயே இருக்கணும். நடக்கக் கூடாது. நடந்தா கிடைக்காது."

 என் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"நான் நூரா இல்ல" என்றேன்.

அவள் என் செருப்பைத் திரும்ப மாட்டிவிட்டாள்.

"தெரியும் புள்ள" என்றாள்.

அப்படியே எவ்வளவு நேரம் இருந்தோம் என்று தெரியாது. வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. தூரத்தில் வேன் ஹார்ன் கேட்டதும் நான் எழும்பினேன். அவள் விடவில்லை. மூன்று தடவை ஹார்ன் அடிக்கும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டு, எந்தப் பக்கம் என்று உறுதியான பிறகுதான் என்னை முன்னால் விட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அப்பாவின் வேனுக்கு டயர் போய், மாற்று டயரிலும் காற்றில்லாமல், எங்கோ நடந்து போய் ஆள் கூட்டி வந்திருந்தார். திரும்பி வந்து, அணைந்த அடுப்பையும் கொய்யாச் செடியில் தொங்கிய சால்வையையும் மட்டும் கண்டவர், ஹார்னை விட்டு விட்டு அடித்துக்கொண்டே நின்றிருந்தார். விறகு பொறுக்கப் போனோம் என்று அம்மா சொன்னாள். அப்பா அவள் முழங்கால்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேன் கதவைத் திறந்துவிட்டார். நாங்கள் வேன் சீட்டுகளில்தான் படுத்தோம். அம்மா என் காலைப் பிடித்தபடியே இருந்தாள். நான் இழுத்துக்கொள்ளவில்லை.

விடிந்தபோது வானம் கழுவி வைத்தது மாதிரி இருந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் புல் மடங்கியிருந்தது கீழிருந்தே தெரிந்தது. அதற்கு அப்பால் இருபது காலடி தூரத்தில் மலை முடிந்திருந்தது. அந்தப் பக்கம் பள்ளம், வெறும் ஆகாயம். அம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்பாவிடம் போய், வீட்டுக்குப் போவோம் என்றாள்.

அம்மா வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அத்தையிடம் மட்டும் சொன்னேன். ஐந்து வருடப் பழக்கம், வாயில் வந்துவிட்டது என்றாள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அம்மாவிடம் கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய வருடம், என் சேலையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தபோது அம்மா தானாகவே சொன்னாள். அந்தப் பாலைவனப் பூங்காவுக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்திருந்த ஒரு பின்னேரம், அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் நூரா எழுந்து நடந்து போய்விட்டாளாம். இருட்டும்வரை மணலிலும் பாறையிலும் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு அலைந்தாளாம். மறுநாள் காலை யாரோ பிள்ளையைக் கண்டெடுத்து வண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். உயிர் இருந்தது என்று மட்டும் காதில் விழுந்தது. அம்மாவைப் பக்கத்தில் போக விடவில்லை. மூன்றாம் நாள் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிள்ளை பிழைத்ததா இல்லையா என்று அவளுக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. இதைச் சொல்லிவிட்டு அவள் சேலையை மடித்து என் கையில் கொடுத்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து நான் அந்த முந்நூறை நினைத்துக்கொண்டேன். எனக்குச் சொந்தமான கூப்பிடுதலை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டாள் என்று வாயை மூடிக்கொண்டு எண்ணியவள் நான். அந்த மூடுபனிக்குள் அம்மா தேடிக்கொண்டிருந்தது இரண்டு பிள்ளைகளை என்பதும், அதில் ஒருத்தி மட்டுமே பதில் சொல்லக்கூடிய தூரத்தில் இருந்தாள் என்பதும் ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.