நான்காம் மாடிக் கேள்வி அட்டைகள்

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். தேதியும் நேரமும் எங்கள் கூட்டக் குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கின்றன. அதில் ஒரே ஒரு வரி மட்டும் பொய். அந்தப் பொய்யை எழுதியவளும் நான்தான்.

பல்கலைக்கழக நூலகத்துக்கு வெளியிலிருந்து கைகொடுக்கும் வாசகர்களின் குழு எங்களுடையது. நூலக நண்பர்கள் என்று பெயர். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஒரு பேச்சு. யார் வேண்டுமானாலும் வரலாம். நான் செயலாளர். நாற்காலி போடுவதிலிருந்து பேச்சாளருக்குத் தண்ணீர் வைப்பது வரை எல்லாம் என் தலையில்தான்.

கேள்விகளை வாயால் கேட்க விடமாட்டோம். விட்டால் ஆளுக்கொரு சொற்பொழிவு ஆற்றிவிடுவார்கள். நூலகம் கணினிக்கு மாறியபோது கழித்துப்போட்ட பழைய பட்டியல் அட்டைகள் எங்களிடம் மூட்டை மூட்டையாக உண்டு. ஒரு பக்கம் ஏதோ ஒரு புத்தகத்தின் விவரம் இருக்கும், மறுபக்கம் வெறுமையாக இருக்கும். அந்த வெற்றுப் பக்கத்தில் கேள்வியை எழுதி ஒரு தகரப் பெட்டியில் போட வேண்டும். பெட்டி வரிசை வரிசையாகக் கைமாறி என்னிடம் வரும். எதைப் படிப்பது, எதை அடியில் தள்ளுவது என்பது என் இஷ்டம்.

அவரை நாங்கள் 'மூன்றாம் வரிசை' என்றுதான் சொல்வோம். எப்போதும் அங்கேதான் உட்காருவார். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்து ஓய்வுபெற்றவர். தனியாக இருந்தார், கைபேசி கிடையாது, வீட்டுத் தொலைபேசி மட்டும்தான். வெற்று அட்டைகள் சில எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். அட்டையில் முதலில் நேரத்தைக் குறிப்பார், எழுதி முடித்ததும் வலது மூலையை மடிப்பார். அச்சகப் பழக்கமாம். அவர் கேள்வி அட்டையின் நான்கு ஓரங்களையும் தொடும். அதனால் மாதா மாதம் அது அடிக்குப் போய்விடும். "பரவால்லம்மா, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்பார். ஆனால் இது நடந்ததற்கு முந்தின மாதம் என் வரவேற்புரையில் ஒரு வருடம் தவறு என்று எல்லார் முன்னாலும் எழுந்து சொல்லிவிட்டார். தவறுதான். இருந்தாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

அந்த மாதம் பார்த்து லிஃப்ட் பழுதாகிவிட்டது. நான்காம் மாடி அரங்கில் நடக்க வேண்டிய கூட்டத்தைத் தரைத்தள வாசிப்பறைக்கு மாற்றினோம். மின்னஞ்சல் இல்லாத ஏழு பேருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. ஆறு பேரிடம் சொன்னேன். ஏழாவது அவர். எடுத்தால் அரைமணி நேரம் விடமாட்டார். ஒரு மாதமாவது அவர் தொல்லை இல்லாமல் இருப்போமே என்று தோன்றியது. அவர் பெயருக்கு நேரே 'சொல்லியாயிற்று' என்று எழுதி டிக் போட்டேன். வந்தால் முன்வாசல் அறிவிப்புப் பலகையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று எனக்கு நானே ஒரு சமாதானம். அவர் பின்வாசல் வழியாகத்தான் வருவார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

கூட்டம் சரியாக 4.00 மணிக்குத் தொடங்கியது. பழைய வரைபடங்களைப் பற்றிய பேச்சு. நல்ல கூட்டம். மூன்றாம் வரிசையில் அவர் நாற்காலி மட்டும் காலி. வரவில்லை, விட்டது தொல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

4.50க்குப் பெட்டி முதல் சுற்று முடிந்து என்னிடம் வந்தது. திறந்தேன். ஒன்பது அட்டைகள். எட்டாவது அட்டையின் வலது மூலை மடிந்திருந்தது.

'4.35. அரங்கம் பூட்டியிருக்கிறது. கூட்டம் எங்கே அம்மா?'

அவர் எழுத்துதான். ஆக, வந்திருக்கிறார். என்னைக் குத்திக்காட்டத்தான் இதை எழுதிப் போட்டிருக்கிறார். எனக்குச் சுர்ரென்று வந்தது. தலையைத் தூக்கி வரிசை வரிசையாகத் தேடினேன். எங்கேயும் அவர் இல்லை. கதவருகில்கூட இல்லை.

பழக்க தோஷம்... அட்டையை அடியில் தள்ளினேன்.

5.25. பெட்டி இரண்டாவது சுற்று வந்தது. நான்கே அட்டைகள். மேலாக இருந்ததன் மூலை மடிந்திருந்தது. தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது.

'5.10. நெஞ்சு வலிக்கிறது. எழுந்திருக்க முடியவில்லை. யாரையாவது அனுப்புங்கள்.'

எழுத்து கோணல் மாணலாக இறங்கிப் போயிருந்தது. நான்கு மாடி உயரத்தில் எழுத முடியாமல் எழுதியது, என் மடியிலிருக்கும் பெட்டிக்குள் எப்படி வந்தது? பெட்டி இந்த அறையைவிட்டு வெளியே போகவே இல்லையே.

பக்கத்திலிருந்த எங்கள் குழுத் தலைவர் குனிந்தார். "என்னம்மா, முகமெல்லாம் வேர்க்குது?"

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் சொன்னால், அவர் ஏன் மேலே போனார் என்ற கேள்வி வரும். டிக் வெளியே வரும்.

"ஒண்ணுமில்ல சார். புழுக்கம்."

அடுத்த அட்டையை எடுத்துப் படித்தேன்.

6.05. எல்லாரும் போய்விட்டார்கள். யாருக்கும் தெரியாமல் பின்படிக்கட்டில் ஏறினேன். முதல் மாடி. இரண்டாம் மாடி. விளக்கு இல்லை. சன்னல் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் மட்டும் இருந்தது.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்றேன்.

மேலே சத்தம்.

டொக்... டொக்...

கதவை எதனாலோ தட்டுகிற சத்தம். மெதுவாக... விட்டு விட்டு...

"யாரு?" என்றேன்.

சத்தம் நின்றது.

அப்புறம் ஒரு மூச்சு... நீளமாக... இழுத்துக்கொண்டு...

படிகளின் நடுவே, இருட்டிலிருந்து, ஓர் அட்டை மிதந்து இறங்கியது. சரியாக என் செருப்பின் முன்னால் விழுந்தது.

வலது மூலை மடிந்திருந்தது.

செத்துவிட்டார்...

செத்தவர்தான் எழுதுகிறார்...

எடுக்கவில்லை. ஓடினேன். எத்தனை படிகளைத் தாண்டினேனோ தெரியாது. கீழே காவலாளி விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்.

"மேல... நாலாவது மாடி பூட்டியாச்சா?" என்றேன்.

"காலையிலேயே பூட்டியாச்சும்மா. யாரும் போகல. ஏன்?"

இரண்டாவது முறையாக வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். "சும்மா கேட்டேன்."

வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்தேன். கூட்டம் முடிந்ததும் அதில் போட்டுக்கொண்ட அந்த இரண்டு அட்டைகளும் இருந்தன. மூலை மடிப்பும் இருந்தது. எழுத்து இல்லை. துடைத்து வைத்தது போல வெறுமை.

மறுநாள் காலை 7.20க்குத் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். லிஃப்ட் சரிசெய்ய வந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். நான்காம் மாடியில், பூட்டிய அரங்கத்தின் கதவில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாராம். கையில் மூக்குக்கண்ணாடிக் கூடு. சட்டைப்பையில் இரண்டு அட்டைகள். 4.35, 5.10. நான் படித்த அதே வரிகள்.

வெளியூரிலிருந்து அவர் மகள் வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. "கூட்டத்தைக் கீழ மாத்தினது அப்பாவுக்குத் தெரியாதா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் குறிப்பேட்டை நீட்டினார். "சொல்லியிருக்காங்கம்மா. பாரு, டிக் இருக்கு."

அவள் அந்த வரியை வெகுநேரம் பார்த்தாள். "அப்ப மறந்துட்டாரு போல. வயசாச்சில்ல..." என்றாள். என் கையைப் பிடித்து, "நீங்க மனசுல வெச்சுக்காதீங்க அக்கா" என்றும் சொன்னாள். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா என்றிருந்தது. அப்போதும் உண்மையைச் சொல்லாமல் குறிப்பேட்டை வாங்கி மூடினேன்.

பெட்டிக்குள் அந்த அட்டைகள் எப்படி வந்தன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பயப்படுவது அதற்கு அல்ல.

இரண்டு நாள் கழித்து, பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்னது தெரியவந்தது. உயிர் பிரிந்தது இரவு எட்டரைக்கு மேல்தானாம். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாராம்.

நான் அங்கே நின்றபோது மணி 6.10. மேலே இருந்தது பேய் இல்லை. உயிரோடு இருந்த மனிதர்.

மூன்றாம் மாடியில் கிடந்த அட்டையைக் காவலாளி பிறகு பெருக்கும்போது எடுத்து வைத்திருந்தார். என்னிடம்தான் கொடுத்தார். மற்ற இரண்டைப் போல இதில் எழுத்து அழியவில்லை. தினமும் எடுத்துப் பார்க்கிறேன், அப்படியே இருக்கிறது.

'6.10. நான்தான் அம்மா. பயப்படாமல் மேலே வாருங்கள்.'