சும்மா இருந்தால் நடுங்கும் கை

போன வருஷம் மாதா திருவிழா அன்று சாயங்காலம் என் மாமியார் ஊரான கடலூரில் கோயில் வாசலில் இருந்தவர்கள் இவர்கள். பங்குச் சாமியார் இருந்தார். என் மாமியார் இருந்தார். என் மனைவி ஆரோக்கியமேரி இருந்தாள். பத்தாவது படிக்கிற என் மகள் இருந்தாள். மாதா சப்பரம் தூக்க வந்த பதினாறு பேர் இருந்தோம். அதில் ஒருவன் என் மனைவியின் தம்பி சவரிமுத்து. தூக்குகிறவர்களுக்கு அவன்தான் தலைவன். இன்னொருவன் நான்.

இத்தனை பேருக்கு முன்னால் நான் அசிங்கப்பட்டேன்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கொடி ஏறிய நாளிலிருந்து சப்பரம் தூக்குகிறவன் குடிக்கக் கூடாது. கிளம்பும் முன்பு ஒவ்வொருவரும் தலைவன் முகத்தில் ஊத வேண்டும். நானும் ஊதினேன். வாசனை இல்லை. ஆனால் சவரிமுத்து என் வலது கையைப் பார்த்தான்.

“கிராம்ப மென்னுட்டு வந்தா கண்டுபுடிக்க மாட்டமா மாமா?”

“தொடவே இல்ல மச்சான்.”

“கை ஆடுது. கால் இழுக்குது. மூஞ்சி செத்துக் கெடக்கு. மாதாவ கீழ போட்டுடுவ. நவுரு மாமா.”

“அவர சப்பரத்து மேல ஏத்தி விடுங்கடா, சேத்துத் தூக்கிக்கினு போவலாம்” என்று பின்னால் ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு தனியாக நடந்து போனாள். என் இடத்தில் வேறு ஒருவர் தோள் கொடுத்தார்.

நான் முன்பு குடித்தவன்தான். மகள் மூன்றாவது படிக்கும்போது, கோயிலில் முதல்முறை நன்மை வாங்கிய புதுநன்மை அன்று விட்டேன். அப்புறம் தொடவில்லை. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

எனக்கு வீடு காடாம்புலியூரில், வேலையும் அங்கேயே முந்திரி வறுக்கிற இடத்தில். கொட்டை கருகினால் மூக்குக்குத்தான் முதலில் தெரியும். எனக்குத் தெரியவில்லை. ஒரு சட்டி முழுக்கக் கருகிப் புகைந்த பிறகு ஓடினேன். “காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டியா?” என்று முதலாளி கேட்டார். கருகினதை அள்ளிக் கொட்டினேன். நடக்கும்போது வலது கால் தேய்ந்தது. சட்டைப் பொத்தான் போட நேரம் ஆனது. பெருவிரலும் பக்கத்து விரலும் செபமாலை மணி உருட்டுகிற மாதிரி உரசிக்கொண்டே இருக்கும். கையில் செபமாலை இருக்காது.

திருவிழாவுக்குப் பிறகு நான் கோயிலுக்குப் போகவில்லை. பூசையில் நன்மை அப்பம் வாங்கக் கையை நீட்டினால் எல்லோரும் கையைத்தானே பார்ப்பார்கள். வீட்டில் செபமாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்தியால் இல்லை. எதையாவது பிடித்து உருட்டினால் நடுக்கம் அடங்கும். அதற்காகப் பிடித்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பிடித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. வாய் தானாகச் சொன்னது. கடைசியில் ஒன்றுதான் கேட்டேன். மாதாவே, குணமாக்கு என்று கேட்கவில்லை. என் மனைவி ஒருத்தியாவது என்னை நம்பட்டும் என்று கேட்டேன்.

மனைவி அப்போது என்னோடு சரியாகப் பேசுவதில்லை. என் பையைச் சோதிப்பாள். பாட்டில் இருக்காது. அப்படியும் நம்ப மாட்டாள். அவள் அப்பா குடித்தே செத்தவர்.

ஒருநாள் மத்தியானம் நிறையக் கஞ்சி ஊற்றிய தம்ளரை எனக்கு முன்னால் வைத்தாள். மடியில் கை ஆடிக்கொண்டிருந்தது. நான் தம்ளரை எடுத்துக் குடித்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“கீழ வைங்க.”

வைத்தேன். கை மடிக்கு வந்தது. மறுபடியும் ஆடியது.

“திரும்ப எடுங்க.”

எடுத்தேன். நின்றுவிட்டது.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “எங்கப்பாவுக்குத் தம்ளரத் தூக்குனாத்தாங்க கை ஆடும். பாதி சிந்திடும். உங்களுக்குச் சும்மா வெச்சிருந்தாத்தான் ஆடுது. இது குடி இல்லீங்க” என்றாள். அழுதாள். நான் கஞ்சியைக் குடித்து முடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

வடலூரில் பஸ் மாறி சிதம்பரம் போனோம். நரம்பு பார்க்கிற டாக்டரம்மா என்னை நடக்கச் சொன்னார். இடது கை வீசுகிறது, வலது கை வீசவில்லை என்று காட்டினார். பேரை எழுதச் சொன்னார். எழுத்து போகப் போக எறும்பு மாதிரி சின்னதானது.

“வாசன தெரியுதா?”

“இல்லீங்க. ரொம்ப நாளா.”

“தூக்கத்துல கத்துவாரா? ஒதைப்பாரா?”

“ஒதைக்கறாருன்னுதாம்மா தனியாவே படுத்துக்கறேன்” என்றாள் மனைவி.

பார்க்கின்சன் நோய் என்றார் டாக்டரம்மா. மூளையில் ஊற வேண்டிய ஒன்று குறைந்துவிட்டது, மாத்திரை தினமும் வேண்டும், அடங்கும், முழுசாகப் போகாது என்று சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குடி இல்லை, நோய்தான் என்று சந்தோஷம். மனைவி அழுகிறாள், நான் சந்தோஷப்படுகிறேன். அதற்கும் வெட்கப்பட்டேன்.

நோயைக் கேள்விப்பட்டு சவரிமுத்து வீட்டுக்கு வந்தான். “எங்கப்பன் மாரி ஆயிடுவியோன்னு பயந்துட்டேன் மாமா” என்றான். போதும் என்றேன்.

என் மாதா கேட்டதைக் கொடுத்தாள். கேட்காததையும் கொடுத்தாள். இப்போது ஞாயிறு தோறும் பூசைக்குப் போகிறேன். கை கொஞ்சம் ஆடுகிறது. நீட்டுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஒருவருக்குச் சும்மா இருக்கும் கை ஆடினால், கால் தேய்ந்தால், முகம் சிரிக்காமல் போனால், வாசனை தெரியாமல் போனால், வாயை முகர்ந்து பார்க்காதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறினால் அது பக்கவாதம். ஒரு நிமிஷமும் நிற்காமல் ஓடுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார். செபம் பண்ணுங்கள். போகிற வழியிலும் பண்ணலாம். அவள் கேட்பாள்.

இந்த வருஷத் திருவிழாவுக்கும் போனேன். தோளில் சுமை கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஓரமாக நின்றேன். “ஊது மாமா” என்றான் சவரிமுத்து. ஊதினேன்.

“என்னா வாசன?”

“என்னக் கேட்டா? எனக்குத்தான் மூக்கே இல்லியே மச்சான்.”

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். தோள் கொடுக்கப் பதினாறு பேர் ஏற்கெனவே நின்றார்கள். சவரிமுத்து என் வலது கையைப் பிடித்துச் சப்பரம் தூக்கும் பின்கொம்பில் வைத்தான். கொம்பைப் பிடித்ததும் கை அடங்கியது. கிளம்பும் முன்பு அவன் ஆட்களை எண்ணினான்.

பதினேழு.