அப்பாவுக்குப் பொருந்தாத அணிகள்

பினாங்குத் தீவின் கெலுகோரில் ஒரு பள்ளியில் ஐந்தாம் படிவத்துக்குத் தமிழ் இலக்கியம் நடத்துகிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அணிகளை வரிசையாக ஒப்பிப்பேன். அந்தத் திமிரில்தான், அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலியை நானே எழுதுகிறேன் என்று அம்மாவிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்து வருடம் ஒன்று ஆனால், தமிழ்ப் பத்திரிகையில் படத்தோடு கவிதை போட்டே ஆக வேண்டும். விளம்பரம் எடுக்கும் ஏஜெண்டிடம் ஒரு ஃபைல் இருக்கிறது. அதில் உள்ள கவிதைகளுக்கு நம்பர் உண்டு. குடும்பத்தார் நம்பரைச் சொன்னால் போதும். போன மாதம் ஒரே பக்கத்தில் மூன்று தகப்பன்மார் ‘குலம் காத்த குத்துவிளக்காய்’ எரிந்துகொண்டிருந்தார்கள். மூவருக்கும் கோட்டும் டையும் வேறு. கைலியிலேயே காலம் தள்ளியவர்களுக்கு ஸ்டூடியோக்காரர் கணினியில் மாட்டிவிட்ட கோட்டு.

அம்மாவுக்கு அதுதான் பயம். “அவரு படத்துலயும் ஸ்டூடியோக்காரன் கோட்டு போட்டுட்டான். எழுத்தும் அப்படி இருந்தா, அது உங்கப்பான்னு யாருக்குடி தெரியும்? முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்துனவ நான். படிச்சதும் அவருதான்னு தெரியணும் லா.”

அப்பா, கார்களை ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் ஃபெரியில் வேலை பார்த்தவர். கீழ்த்தளத்தில் நின்று விசில் ஊதி, ஏறி வரும் கார்களை வரிசையாக நிறுத்த வைப்பார்.

முதலில் உவமையை இறக்கினேன். “சிங்கம் போல் நடந்து வந்தீர்.”

“பல்லியப் பாத்தா நாற்காலி மேல ஏறுவாரு,” என்றார் அம்மா, வெங்காயம் உரித்தபடி.

‘போல’ என்று சொன்னால்தானே வம்பு, இதுவேதான் அது என்று அடித்துவிடலாம் என உருவகத்துக்குத் தாவினேன். “எங்கள் குடும்பக் கப்பலின் மாலுமியே!”

“அவரு எங்கடி கப்பல் ஓட்டுனாரு? கீழ நின்னு ஏறி வர்ற கெரேத்தாவுக்குக் கை காட்டுனாரு. ஃபெரிக்காரங்க படிச்சா விழுந்து விழுந்து சிரிப்பாங்க லா.”

தற்குறிப்பேற்றம் எனக்குப் பிடித்த அணி. தானாக நடப்பதற்கு நம் மனசிலிருந்து ஒரு காரணத்தை ஏற்றிச் சொல்வது. “நீர் இல்லாத ஏக்கத்தில் அலைகள் கரையில் மோதி அழுகின்றன.”

“அவரு இருந்தப்பவும் மோதிக்கிட்டுத்தானே இருந்துச்சு?”

கடைசியாக உயர்வு நவிற்சி. எங்கள் கண்ணீரில் பினாங்குக் கடலே பொங்கியதாக எழுதியிருந்தேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கருமாதி அன்னிக்கு நீ ரெண்டு தட்டு மீகூன் சாப்பிட்ட.” உண்மைதான். மீகூன் நன்றாக இருந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “அப்ப நீங்களே சொல்லுங்க, எழுதுறேன்,” என்று பேனாவை மேசையில் எறிந்தேன்.

அம்மா வெங்காயத்தைத் தள்ளி வைத்தார். டிவி பக்கம் திரும்பினார்.

“எங்களுக்குள்ள தெனமும் ரிமோட்டுக்குத்தான் சண்டை. இப்ப நாள் முழுக்க அது என் கையிலதான் இருக்கு. ஒண்ணும் பாக்கப் பிடிக்கல.”

உள்ளதை உள்ளபடி சொல்வதற்கும் அணி உண்டு. இயல்பு நவிற்சி. வகுப்பில் அதைப் பத்து நிமிடத்தில் தள்ளிவிட்டுப் போய்விடுவேன். அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா சொன்னதை அப்படியே எழுதி, கீழே ‘மனைவி’ என்று போட்டு அனுப்பினேன். ஏஜெண்ட் உடனே போன் செய்தார்.

“டீச்சர், கவிதை வரலையே? வேணும்னா ஏழாம் நம்பர் போட்டுரவா?”

“அதான் கவிதை. அப்படியே போடுங்க,” என்று வைத்துவிட்டேன்.

விளம்பரம் வந்த அன்று காலையிலேயே அம்மாவின் போன் அடித்தது. அப்பாவோடு ஃபெரியில் வேலை பார்த்தவர். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“அண்ணி, பேரக்கூடப் பாக்கல. ரிமோட்டுன்னு படிச்சதுமே நம்ம அண்ணன்தான்னு தெரிஞ்சிருச்சு. ஃபுட்பால் இருக்குற அன்னிக்கு நீங்க எடுத்து ஒளிச்சிருவீங்கன்னு, ரிமோட்டப் பையில போட்டுக்கிட்டு டூட்டிக்கே வந்துருவாரே!”

அம்மாவுக்கு இது தெரியாது. அந்த நாட்களிலெல்லாம் தானே எங்கோ வைத்துத் தொலைத்துவிட்டதாக நினைத்து, சோபாவுக்கு அடியில் தேடியவர் அவர்.

“பாவி மனுஷா,” என்று சிரித்தார். பிறகு அழுதார். அப்பா போன இந்த ஒரு வருடத்தில் அம்மா அழுது நான் பார்த்தது அன்றுதான்.