ஓடாததை நிறுத்துதல்

பெட்டியக்காவின் வீட்டில் பூஜ்யத்துக்கு நல்ல மரியாதை. மகள் ஒருநாள் கணக்குத் தேர்வில் பூஜ்யம் வாங்கி வந்து, "உங்க ஆபீஸ்ல இதுக்குத்தானேம்மா சந்தோஷப்படுவீங்க?" என்று தாளை நீட்டினாள். பெட்டியக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாமியார்தான் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஆத்தா அங்க வாங்குறா, மக இங்க வாங்குறா."

குடிநீர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் அவளுக்கு வேலை. ஒரு பெரிய கணினிக்குள், தனித்தனிக் கணினிகள் மாதிரி, சில கன்டெய்னர்கள் ஓடும். அலுவலகத்தில் அவற்றைப் பெட்டி என்பார்கள், அவளைப் பெட்டியக்கா என்பார்கள். அவற்றை ஓடவிடுவதும் நிறுத்துவதும் அவள் பொறுப்பு. நிறுத்து என்றால் கணினி விளக்கம் எதுவும் சொல்லாது. ஒரு எண்ணை விட்டுவிட்டுப் போகும். பூஜ்யம் என்றால் சொன்னது நடந்தது. ஒன்று என்றால் ஏதோ கோளாறு, என்னவென்று நீயே தேடிக்கொள். இதைப் படித்துச் சொல்ல அந்தத் தளத்தில் வேறு ஆள் இல்லை. வேறு யாருக்கும் ஆசையும் இல்லை.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவள் கணவனுக்கும் இந்தப் பழக்கம் தொற்றிவிட்டது. செருப்பைக் கழற்றும்போதே சொல்வான்: "இன்னிக்கு ஒண்ணு. பிரேக்குன்னு நெனச்சு வேற எதையோ மிதிச்சுட்டான்."

கணவனின் தம்பியும் அதே அலுவலகம்தான். புதிதாக வந்த பெட்டிகளெல்லாம் அவன் அமைத்தவை. அவை தாமே எழும், தாமே அடங்கும்; எண்ணைப் பார்க்கும் வேலை அவனுக்கு இல்லை. அவள் கையை எதிர்பார்த்து இருந்தது ஒரே ஒரு பழைய பெட்டி. நாளை உங்கள் தெருவில் தண்ணீர் வராது என்று வீடுகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது அதன் வேலை. அதுவும் போய்விட்டால் அவள் கீழ்த்தளத்துப் புகார் கவுன்ட்டருக்குப் போகவேண்டியதுதான். கவுன்ட்டருக்குப் போனவர் எவரும் போன குரலோடு திரும்பியதில்லை.

"அண்ணி, அதுக்கு ரிட்டயர்மென்ட் கொடுத்துடலாமே. என்னோடது எல்லாருக்கும் மெயில் அனுப்புதே," என்பான் கொழுந்தன், அவள் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே.

"அது பாட்டுக்கு ஓடுது. உனக்கு ஏன் கண்ண உறுத்துது? மோர் ஊத்தவா, வேண்டாமா?"

மேலாளர் நடுநிலைமைக்குப் பேர்போனவர். "ஒரு நாள் நிறுத்திப் பாப்போம். ஜனங்க சத்தம் போட்டா வெச்சுக்கலாம். போடலன்னா எடுத்துடலாம்," என்றார்.

அந்தக் காலையில் டீயும் கையுமாக அவரே வந்து நின்றார். கொழுந்தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான். பெட்டியக்கா கட்டளையை அடித்தாள். திரையில் வந்த எண் இரண்டு.

இரண்டை அவள் புத்தகத்தில்தான் பார்த்திருந்தாள். அப்படி ஒரு பெட்டி இருக்கிறது, ஆனால் ஓடவில்லை என்று பொருள். ஓடாததை நான் எப்படி நிறுத்துவது என்று கணினி கேட்கிறது.

"என்னம்மா, நிக்குதா?" என்றார் மேலாளர்.

"நிக்குது சார்."

பொய் இல்லை. இப்போது நின்றாலும் எப்போதோ நின்றாலும் தமிழில் நிக்குதுதான்.

அவர்கள் போன பிறகு யோசித்தாள். இரண்டு வாரத்துக்கு முன் மின்சார வேலை நடந்து கணினியை அணைத்து மறுபடி போட்டார்கள். போட்டது அவள்தான். புதிய பெட்டிகள் எழுந்துகொண்டன. பழையதை எழுப்ப வேண்டும் என்பது மறந்துபோய்ச் சாப்பிடப் போயிருக்கிறாள். வருஷக்கணக்காக நிற்காத ஒன்று ஓடுகிறதா என்று யார் தினமும் பார்ப்பார்கள்? ஓடுது, ஓடுது என்று அவள் சண்டை போட்ட இரண்டு வாரமும் அது படுத்துக் கிடந்திருக்கிறது. ஒருவரும் சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது.

நிஜமாகவே போடவில்லையா? கீழே இறங்கிப் போனாள்.

கவுன்ட்டர்க்காரர் காதில் பஞ்சு வைத்திருந்தார்.

"சத்தமா? ரெண்டு வாரமா காது ரெண்டும் அவுட்டு. நேத்து ஒருத்தர் தலைக்குச் சோப்பு போட்டபடி வந்து நிக்கிறாரு. மெசேஜே வரலன்னு கத்துறாங்க."

"மேல சொல்லலாமில்ல?"

"இங்க கத்தறது எப்பவும் உள்ளதுதானே? எதைன்னு சொல்றது?"

பெட்டியைக் காப்பாற்ற இது போதும். ஆனால் இதைச் சொன்னால் அது இரண்டு வாரமாக ஓடவில்லை என்பதையும், எழுப்ப மறந்தது யார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். படியில் நின்று கொஞ்சநேரம் இரண்டையும் வேறு வேறாகப் பிரிக்க முடியுமா என்று பார்த்தாள். பிரியவில்லை. மேலாளர் அறைக்குப் போனாள்.

"சார், காலைல வந்தது ரெண்டு."

"ரெண்டா?" மேலாளர் எழுந்து கதவைச் சாத்தினார். "ரெண்டாம் நம்பர் கணக்கா? நம்ம ஆபீஸ்லயா?"

அது வேறு ரெண்டு என்று விளங்கவைத்து, பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கூப்பிட்டதன்பேரில் வந்த கொழுந்தனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஓடாத பெட்டிக்கா அண்ணி இவ்ளோ நாள் என்கூட மல்லுக்கு நின்னீங்க?"

"ஆமாண்டா. உன் மெயில் ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு? குளிக்கப் போறதுக்கு முன்னாடி எவன்டா மெயில் பாக்குறான்?"

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பெட்டி இருக்கட்டும். ஆனா இனிமே அது தானா எழுந்திருக்கணும். இன்னொருத்தர் ஞாபகத்த நம்பி இருக்கக் கூடாது. முடியுமா?"

"ஒரு வரி எழுதினாப் போதும் சார்."

"அப்புறம் எதுக்கு இத்தனை வருஷம் எழுதல?"

எழுதியிருந்தால் அவள் எப்போதோ கீழ்த்தளத்துக் கவுன்ட்டருக்குப் போயிருப்பாள். அது மூன்று பேருக்கும் தெரிந்தே இருந்தது. இருக்கைக்குப் போய் அந்த வரியை எழுதினாள். கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். பழைய பெட்டி யாரையும் கேட்காமல் எழுந்து ஓடத் தொடங்கியது.

திங்கட்கிழமை கவுன்ட்டரில் அவளிடம் முதலில் வந்தவர் ஒரு முடிவெட்டும் கடைக்காரர்.

"ரெண்டு வாரமா மெசேஜே வரலம்மா! யாரு பண்ணின வேலை இது?"

"நான்தாங்க."

அவர் கத்துவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தார். அதை எங்கிருந்து தொடர்வதென்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினார்.

"நீங்கதானா?"

"எழுப்ப மறந்துட்டேன். இப்ப தானா எழுந்துக்குது. உக்காருங்க, எந்தத் தெரு?"

அவர் உட்கார்ந்து தெருவின் பெயரைச் சொன்னார்.