மூன்றாம் மாடியில் குரைத்த நாய்

எங்கள் நாய் காப்பகத்தில் இரண்டு வரிசைக் கூண்டுகள். வாசலைப் பார்த்த முன்வரிசையில் குட்டிகள். பின்சுவரை ஒட்டிய வரிசையில் எட்டு வயதைத் தாண்டியவை. சனி, ஞாயிறுகளில் வருகிறவர்கள் முன்வரிசையோடு நின்றுவிடுவார்கள். குட்டி விரலைக் கடிக்கும், சிரிப்பார்கள், படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தூக்கிக்கொண்டு போவார்கள். சம்பளமில்லாமல் வேலை செய்கிற நாங்கள் பன்னிரண்டு பேர். கூண்டுகளில் மாட்டும் அட்டைகளை எழுதுவது என் பொறுப்பு. பின்வரிசை அட்டைகளில் பாதிக்கு மேல் 'பெயர் தெரியாது' என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

முன்வரிசையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் நடந்துபோன முதல் ஆள் அந்த லிஃப்ட் மெக்கானிக்தான். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. நெடுநெடுவென்று ஒல்லியாக இருப்பார். கூட வேலை செய்கிறவர்கள் அவரைத் 'தூக்குக்குண்டு' என்று கூப்பிடுவார்கள். லிஃப்ட் ஓடும் தண்டவாளம் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கயிற்றில் தொங்கவிடும் இரும்புக்குண்டு அது. ஆடாமல் அசையாமல் தொங்கும். அவரும் அப்படித்தான். இரண்டு வார்த்தையில் முடிகிற விஷயத்துக்கு மூன்றாவது வார்த்தை செலவழிக்க மாட்டார். நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

காப்பகத்தை நடத்துகிற பஸ்ஸக்கா அவரை வழிமறித்தார். முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நாயோ ஆளோ, ஒழுங்காக நிற்காவிட்டால் அதட்டித்தான் பழக்கம்.

"குட்டிங்க இந்தப் பக்கம் சார். அங்க எல்லாம் வயசானதுங்க."

கடைசிக் கூண்டில் படுத்திருந்த கறுப்பு நாய் தலையைத் தூக்கியது.

"வியாழக்கிழமை ஒரு அடுக்குமாடி வீட்டுலேருந்து ஒரு நாயைக் கொண்டாந்தாங்களே," என்றார் அண்ணன்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்க வீட்டு நாயா?"

"இல்ல. கேள்விப்பட்டேன்."

நான் எழுதிய அட்டையை அவர் வெகுநேரம் படித்தார். 'ஆண். வயது பதினொன்று இருக்கலாம். பெயர் தெரியாது. தனியாக வாழ்ந்த பெரியவர் வீட்டுக்குள் இறந்துபோன பிறகு மீட்கப்பட்டது. முன்கால் நகங்களில் காயம்.' பிறகு படிவத்தைக் கேட்டார். வேறு நாயைப் பார்க்கவே இல்லை. இரக்கப்பட்டவர் என்று நினைத்துக்கொண்டோம். உண்மை வேறு.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில்தான் இருந்தார். லிஃப்ட் கதவுப் பூட்டில் கோளாறு. அதைக் கழற்றி மாட்ட நாற்பது நிமிடம் ஆனது. எதிரே இருந்த வீட்டுக்குள் ஒரு நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. நடுவில் சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டார். அடுத்த கட்டடத்தில் யாரோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், சீக்கிரம் வா என்று விரட்டினார். "முடிஞ்சிடுச்சு சார். கிளம்பிட்டேன் சார்," என்று அண்ணன் அந்த வீட்டு வாசலில் நின்றுதான் சொன்னார். குரைப்பு அதிகமானது. கதவின் அடியில் பிறாண்டும் சத்தம். என்ன நாய்டா இது என்று நினைத்துக்கொண்டு பையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அதே பூட்டு மறுபடி மக்கர் செய்தது. போனால், எதிர்வீட்டுக் கதவில் பூட்டு இருந்த இடத்தில் ஓட்டை. பெரியவர் திங்கட்கிழமை காலை குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிந்து எழுந்திருக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். வியாழக்கிழமைதான் கதவை உடைத்திருக்கிறார்கள். உள்ளே, கதவிடுக்கு வழியாக யாரோ தள்ளிவிட்டிருந்த ஒரு காகிதம் கிடந்தது. 'உங்கள் நாயை அடக்கி வைக்கவும்.' வாட்ச்மேன் இதையெல்லாம் அலுக்காமல் சொன்னான். அண்ணன் பூட்டை மாட்டிவிட்டு, நாய் எங்கே என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் எங்களிடம் வந்தார்.

அண்ணி ஒரு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறவர். ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊரில். நாயைப் பார்த்ததும், "வயசு பதினொண்ணா? ஏற்கெனவே இந்த வீட்ல ஒரு கிழவர் இருக்கிறது போதாதா?" என்றார். ஆனால் மருத்துவமனையில் கழித்துப்போட்ட கம்பளியை மடித்துப் படுக்கை போட்டவரும் அவர்தான்.

நாய் அதில் படுக்கவில்லை. வாசல் கதவின் அடியிலிருந்த இடுக்கில் மூக்கை வைத்துப் படுத்தது. படியில் யார் ஏறினாலும் உடம்பு விறைக்கும். அவர்கள் கடந்துபோனதும் ஒரு பெருமூச்சு விடும். பகலில் தூக்கத்திலேயே முன்கால்களால் தரையைப் பிறாண்டும். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கால்களைப் பிடித்துக்கொள்வார். காலை, மாலை இரண்டு வேளையும் நகங்களுக்கு மருந்து போட்டது அவர்தான். அண்ணியைத் தொடவிடவில்லை.

அண்ணி ராஜா, மணி, டைகர் என்று வாய்க்கு வந்த பெயரையெல்லாம் வைத்துப் பார்த்தார். எதற்கும் அது திரும்பவில்லை. ஆனால் சூப்பர்வைசர் போன் வந்தால் மட்டும் என்னவோ ஆகும். அண்ணன் பேச ஆரம்பித்ததும் நாய் எழுந்து வந்து அவர் எதிரே நின்று, காதைத் தூக்கி முகத்தையே பார்க்கும். "உங்க சூப்பர்வைசர நாய்க்குக்கூடப் பிடிக்கல பாருங்க," என்று அண்ணி சிரிப்பார். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் கேட்ட குரலை அது அடையாளம் கண்டுகொண்டது என்று நினைத்தார். போன் வந்தால் மாடிப்படிக்கு ஓடிப்போய்ப் பேச ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணி குழம்பைக் கிண்டிவிட்டுக் கரண்டியைப் பாத்திர விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினார். எல்லாரும் செய்கிறதுதான். உள்ளேயிருந்து அண்ணன், "தட்டாதே!" என்று கத்தினார். இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் அவர் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான். அண்ணி கரண்டியும் கையுமாக நின்றார். கோபம் வரவில்லையாம், பயம்தான் வந்ததாம். ஏனென்றால் கத்தியவரின் முகம் வேர்த்திருந்தது. நாய் வாசலில் எழுந்து நின்றுகொண்டிருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு பெண் காப்பகத்துக்கு வந்தாள். பெரியவரின் மகள். வெளிநாட்டில் ஒரு ஹோட்டலின் வரவேற்பறையில் வேலை. அப்பா விழுந்தபோது அவளுக்குப் பிரசவமாகிப் பத்து நாள். இறுதிக் காரியத்துக்குக்கூட வர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு போனில் ஏதோ சண்டை. அதனால்தான் மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவர் போனை எடுக்கவில்லை என்று இருந்துவிட்டாள். "நாயை ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன்," என்றாள். பஸ்ஸக்கா அண்ணனுக்குப் போன் செய்து கேட்டுவிட்டு, அவளை அழைத்துக்கொண்டு போகச் சொல்லி என்னை அனுப்பினார்.

அன்றைக்கு நடந்ததற்கு நானே சாட்சி.

கதவு திறந்தது. அண்ணனும் அண்ணியும் நின்றிருந்தார்கள். அந்தப் பெண் அவர்களைப் பார்க்காமல் கீழே பார்த்து, மெல்ல, "சார்..." என்றாள்.

அண்ணன், "வாங்கம்மா," என்றார், தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று.

நாய் அவர் கால்களுக்கு இடையே புகுந்து வந்தது. ஊளையும் இல்லாத குரைப்பும் இல்லாத ஒரு சத்தம் போட்டுக்கொண்டு அவள் மடியில் ஏறியது. அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சார், சார்," என்று அதன் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா ஆபீஸ்ல கடைசி வரைக்கும் குமாஸ்தாதான். முப்பத்தஞ்சு வருஷம் எல்லாரையும் சார் சார்னு கூப்பிட்டாச்சு, இனிமே என் வீட்ல ஒரே ஒரு சார்தான்னு இதுக்கு இந்தப் பேர வெச்சாரு. 'சார் சாப்பிட்டாச்சா, சார் தூங்கலாமா'ன்னு வீடே ஆபீஸ் மாதிரி இருக்கும்."

அண்ணியும் சிரித்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா," என்றார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் அவ்வளவு வார்த்தைகளைத் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை, பதினோரு மணி, பூட்டு, குரைப்பு, போன். ஒன்றையும் குறைக்கவில்லை, தன் பக்கம் ஒரு சாக்கும் சொல்லவில்லை. அண்ணிக்கும் அது அப்போதுதான் தெரியும். அந்தப் பெண் நாயின் காதைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"வாசல்ல நின்னு சார்னு சொன்னீங்களா?"

"ரெண்டு தடவை."

"யாரோ தன்னைக் கூப்பிட வந்துட்டாங்கன்னு நெனச்சிருக்கும்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாய் சத்தம் மட்டும்தானா?" என்று அவள் கேட்டாள். "அப்பா... வேற ஏதாவது சத்தம் கேட்டுதா?"

"இல்லம்மா. வேற எதுவும் கேக்கல."

கிளம்பும்போது சொன்னாள்: "அந்தக் கட்டடத்துல இருக்குற அத்தனை பேரும் கேட்டிருக்காங்க. வந்து சொன்னது நீங்க ஒருத்தர்தான். ஆனா பரவாயில்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அப்படிச் சொல்ல வாய் வந்தா எழுதறேன்."

நாயை அவளால் கொண்டுபோக முடியவில்லை. அந்த வயதில் விமானப் பயணம் தாங்காது என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போனாள். சார் அந்த வீட்டில் இன்னும் ஒரு வருடமும் நான்கு மாதமும் இருந்தது. அண்ணி கூப்பிட்டால் ஓடிவரும். அண்ணனால் மட்டும் அந்தப் பெயரைச் சொல்ல முடியவில்லை. நாக்கைச் சொடுக்கித்தான் கூப்பிடுவார். கடைசி நாட்களில் அதற்குக் கண் மங்கிவிட்டது. அப்போதும் கதவிடுக்கைத் தேடிப்போய் அங்கேதான் படுத்தது. அங்கேயேதான், ஒரு மத்தியானம், அதன் மூச்சு நின்றது. அந்தப் பெண்ணிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை.

சார் போன பதினைந்தாம் நாள் அண்ணன் மறுபடி பின்வரிசைக்கு வந்தார். அதற்குப் பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தார். எங்கிருந்து வந்தன என்று யாருக்கும் தெரியாத நாய்களாகவே பார்த்து எடுத்தார். ஒரு பெட்டை தினமும் சாயங்காலம் நான்கரைக்குக் காலியான நாற்காலி ஒன்றின் எதிரே போய் உட்கார்ந்து, யாரோ எதையோ கொடுக்கப்போகிறமாதிரி வாலாட்டும். இன்னொன்று கட்டிலின் இடதுபக்கம் மட்டும் ஏறாது. அங்கே ஏற்கெனவே யாரோ படுத்திருப்பதுபோல் சுற்றிக்கொண்டு போகும். "நம்ம வீட்ல நமக்குத் தெரியாத பத்துப் பேரு குடியிருக்காங்க," என்று அண்ணி ஒருமுறை என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்காரப் போனவர், யோசித்து, வேறொன்றை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வேலையிலும் அண்ணன் மாறிப்போனார். எந்தக் கட்டடத்தில் பூட்டிய கதவுக்குப் பின்னால் நாய் குரைத்தாலும் மணியை அடித்துவிடுவார். துண்டைக் கட்டிக்கொண்டு வந்தவர்கள் திட்டியிருக்கிறார்கள். பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தவள் கதவை முகத்தில் அறைந்திருக்கிறாள். கம்பெனிக்குப் புகார் போய் எச்சரிக்கைக் கடிதம் இரண்டு முறை வந்தது. ஓய்வு பெறும்வரை அவர் நிறுத்தவில்லை. ஒரு தடவைகூட எந்தக் கதவுக்குப் பின்னாலும் யாரும் விழுந்து கிடக்கவில்லை.

சாரை அவர் கூட்டிப்போய் எட்டு வருடம் கழித்து, நான்காவது நாய் இறந்தபோது, அதன் கழுத்துப்பட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். காப்பகத்தில் நான் மட்டும் இருந்தேன். கழுவிய தட்டுகளை வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவரும் உட்கார்ந்து உதவினார். ஒரு அலுமினியத் தட்டு கை நழுவி இன்னொன்றின்மேல் விழுந்து 'டிங்' என்றது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"அந்தப் பொண்ணுகிட்ட நான் ஒரு பொய் சொன்னேன்," என்றார்.

நான் தட்டைக் கீழே வைத்தேன்.

"நாய் குரைக்கறது நடுவுல நடுவுல நிக்கும். அப்ப கேட்டுச்சு. ரெண்டு தட்டு. கொஞ்சம் விட்டு, மறுபடி ரெண்டு தட்டு. கரண்டியால பாத்திரத்துல தட்டற மாதிரி. யாரோ சமைக்கறாங்கன்னு நெனச்சேன். குளியலறைக் குழாய்ல அவர் தட்டினாரா, மேல்வீட்ல யாராவது பாத்திரம் வெச்சாங்களா... இன்னைக்கு வரைக்கும் தெரியல தம்பி. அந்த நாய்க்குத் தெரிஞ்சிருக்கும்."

"அவங்களே கேட்டாங்களே அண்ணே. ஏன் சொல்லல?"

"சொன்னா அவளுக்கும் கேக்க ஆரம்பிச்சிடும். கைக்குழந்தைக்காரி. நான் ஒருத்தன் கேட்டுக்கிட்டிருந்தா போதாதா?"

"அண்ணிக்குத் தெரியுமா?"

"சொன்னதில்ல. ஆனா அன்னைக்குக் கத்தினேன் பாரு, மறுநாளே எல்லா எவர்சில்வர் கரண்டியையும் எடுத்து உள்ள வெச்சுட்டா. மரக்கரண்டிதான் இப்பவும். ஏன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல."

மறுநாள் காலையில் போன் செய்து, "உன்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது," என்று வருத்தப்பட்டார். எனக்கு ஒன்றும் இல்லை அண்ணே என்றேன். அது முழு உண்மை இல்லை.

போன மாதம் ஆறாவது நாய்க்காக வந்திருந்தார். அறுபத்து மூன்று வயது, முழங்கால் வலி, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மஞ்சள் நிறப் பெட்டை, பதின்மூன்று வயது, பின்கால் இழுக்கும். அட்டையில் வழக்கம்போலப் பெயர் தெரியாதுதான். கூண்டைத் திறந்தோம். அது வெளியே வரவில்லை. மூலையில் ஒடுங்கிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. பஸ்ஸக்கா பட்டையைப் பிடித்து இழுக்கப் போனார்.

"விடுங்க, அவசரமில்ல," என்றார் அண்ணன்.

அண்ணி அவரைத் தாங்கிப் பிடித்து மெதுவாகத் தரையில் உட்காரவைத்துவிட்டுத் தானும் உட்கார்ந்தார். கூண்டுக்குள் கை நீட்டவில்லை, கூப்பிடவும் இல்லை. பக்கத்தில் இருப்பது மட்டும் தெரியட்டும் என்பதுபோல் இருவரும் சன்னமாக மகளைப் பற்றி, முழங்கால் தைலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மற்ற கூண்டுகளைக் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது, அந்தப் பெட்டை சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.