நாற்பத்து மூன்றிலிருந்து ஒன்று வரை

இரண்டு வருடங்களுக்கு முன், தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. சீவலப்பேரியில் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பாளையங்கோட்டைக்கு வெளியே நாங்கள் கட்டியிருந்த இரண்டு அறை வீட்டுக்குக் குடிபோன நாள் அது. கல்யாணமானதிலிருந்து அம்மாவுக்கு அது எட்டாவது வீடு. முந்தைய ஏழும் அடுத்தவர்களுடையவை. பத்தரை மணிக்கு ராகு காலம் தொடங்கும் முன் புது வீட்டில் பால் பொங்கிவிட வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தார். அந்த ஒன்றைத் தவிர வேறு எதையும் அவர் கேட்கவில்லை.

அப்பா வாழைத் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர். அம்மா, சுளவு என்று நாங்கள் சொல்லும் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுபவர். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். இதைச் சொல்வதில் எனக்கு எப்போதும் பெருமைதான். அன்றைக்கு அந்தப் பெருமை கொஞ்சம் அதிகமாகவே தலைக்கு ஏறியிருந்தது.

சாமான்களை ஏற்ற, அப்பா வேலை பார்க்கும் தோட்டத்துக்கு வாழைத்தார் ஏற்ற வருகிற டிராக்டரையும் டிரைலரையும் காலை நேரத்துக்கு மட்டும் வாடகைக்குப் பேசியிருந்தோம். பதினோரு மணிக்கு அது தோட்டத்துக்குத் திரும்பியாக வேண்டும். நேரம் வீணாகக் கூடாதே என்று நான் ஒரு வாரம் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். மொத்தம் நாற்பத்து மூன்று உருப்படிகள். மூட்டை, பெட்டி, கட்டில் எல்லாவற்றிலும் எண் எழுதினேன். எண் ஒன்று, ஒரு நீல வாளி. அதற்குள் உப்பு, மஞ்சள், விளக்கு, பால் காய்ச்சும் புதுப் பாத்திரம், இவற்றோடு புது வீட்டுச் சாவி. வீட்டுக்குள் முதலில் போகிற வாளி அல்லவா, அதனால் எண் ஒன்று. எண் இரண்டு, அடுப்பு. எண் மூன்று, சிலிண்டர். கடைசி எண், அம்மாவின் கறிவேப்பிலைச் செடி நிற்கும் தொட்டி.

காலை ஏழரைக்கு டிரைலர் வாசலுக்கு வந்தது. உள்ளே ஒரே வாழைக்கறை வாசம். நான் தாளும் பேனாவுமாக நின்று, "ஒண்ணு!" என்று குரல் கொடுத்தேன். அப்பா நீல வாளியைத் தூக்கிக்கொண்டு டிரைலரின் முன்மூலைக்குப் போனார்.

டிராக்டர் ஓட்டி வந்த அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "யம்மா, அந்த வாளியைக் கையோட வச்சுக்கிடலாம்லா?"

"இல்ல அண்ணாச்சி. அதான் நம்பர் ஒண்ணு. எல்லாம் வரிசையா ஏறணும்."

"சரி, டீச்சரே சொல்லியாச்சு" என்று துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் துடைத்தார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

ஒன்பது மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். அப்பா அண்ணாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். என் முதுகுக்குப் பின்னால் அம்மா, மடியில் பால் தூக்குச்சட்டி. முன்னே எங்கள் மொத்த வாழ்க்கையும் கயிற்றால் கட்டப்பட்டு ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. உச்சியில் கறிவேப்பிலைச் செடி ஊருக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு போனது.

ஒன்பதே முக்காலுக்குப் புது வீட்டு வாசலில் நின்றோம். அம்மா என்னிடம் கை நீட்டினார். "சாவியக் குடு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலில் இறங்க வேண்டிய வாளி, நாற்பத்து இரண்டு உருப்படிகளுக்கு அடியில், டிரைலரின் முன்மூலையில் இருந்தது. பூட்டோடு வந்த மூன்று சாவிகளையும் ஒரே வளையத்தில் கோத்து நான்தான் அதில் போட்டிருந்தேன். தொலைந்துவிடக் கூடாதாம்!

அப்பா தெருவோரம் கிடந்த கல்லைப் பார்த்தார். "ஒரு போடு போட்டா பூட்டு கழண்டுரும்."

"புது வீட்டுக்குள்ள மொதமொதல்ல பூட்டை ஒடச்சுக்கிட்டா போவாவ?" என்றார் அம்மா. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தூக்குச்சட்டியை இறுகப் பிடித்துக்கொண்டு மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

எதிர்வீட்டிலிருந்து ஈரத்தலையில் துண்டைச் சுற்றியபடி ஒரு அக்கா வந்தார். "புதுசா வாறியளா? ஏன் எல்லாரும் முழிச்சிக்கிட்டு நிக்கிய?"

நான் விஷயத்தைச் சொல்ல, "டீச்சர் போட்ட வரிசை" என்று அண்ணாச்சி எடுத்துக் கொடுத்தார். அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிப்பதற்குள்ளேயே தெருவைப் பார்த்து, "ஏ, எல்லாரும் வாங்க! பத்தரைக்குள்ள டீச்சர் வீட்டுல பால் பொங்கணுமாம், சாவி டிரைலருக்கு அடியில கெடக்கு!" என்று கத்தினார். ஐந்தே நிமிடத்தில் ஏழெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். வேலைக்குக் கிளம்பிய ஒருவர் பைக்கை நிறுத்திவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். டிரைலரிலிருந்து எங்கள் வாசல் வரை வரிசையாக நின்று, கைக்குக் கை மாற்ற ஆரம்பித்தார்கள்.

நானும் ஓடினேன். எதிர்வீட்டு அக்கா தடுத்தார். "நீ தூக்காண்டாம். அந்தப் பட்டியலக் கீழருந்து வாசி. எது கனம், எது ஒடையும்னு எங்களுக்குத் தெரியணும்லா."

வாசித்தேன். "நாப்பத்து மூணு, கறிவேப்பிலைத் தொட்டி!" தொட்டி இறங்கியது. "நாப்பத்து ரெண்டு, தலகாணி மூட்டை!" மூட்டை பறந்தது. "முப்பத்தாறு, கால் ஆடுற நாற்காலி!"

"எந்தக் கால்னு எழுதலையா டீச்சர்?" என்றார் பைக்கை நிறுத்தியவர். தெருவே சிரித்தது.

எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதிவைத்த என் கெட்டிக்காரத்தனம் இப்போது என்னையே குத்தியது. இருபத்தெட்டாவது எண் வந்தபோது குரலைத் தணித்தேன். "ஓட்டை அண்டா..."

"ஏன் சத்தம் கொறையுது? ஏட்டி, நல்லா வாசி" என்றார் அம்மா. "ஓட்டைன்னாலும் நம்ம அண்டா."

"எங்க வீட்டுல அதுமாரி ரெண்டு கெடக்கு" என்றார் எதிர்வீட்டு அக்கா.

அதற்குப் பிறகு அம்மா ஒவ்வொன்றுக்கும் சேர்ந்து பேசத் தொடங்கினார். தையல் மிஷினை இறக்கினால், அதை எந்தத் தீபாவளிக்கு வாங்கினார் என்று சொன்னார். இருபதாவது எண், என் மேசை. "இது இவ பத்தாவது படிக்கும்போது வாங்குனது. அதுவரைக்கும் நான் பீடி சுத்துற சுளவைத்தான் மடியில கவுத்து வச்சு எழுதுவா." மேசையைப் பிடித்திருந்தவர்கள் அதைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு இறக்கினார்கள்.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு நான் தொண்டை கிழியக் கத்தினேன். "ஒண்ணு!" நீல வாளி கைகள் மேல் மிதந்து வந்தது. தெருவே கைதட்டியது. சாவியை அம்மாவிடம் கொடுத்தேன். பூட்டு முதல் சுற்றிலேயே திறந்தது.

சிலிண்டரை அண்ணாச்சி மாட்டினார். பத்து இருபத்தைந்துக்குப் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. பதினெட்டாம் எண் பாத்திர மூட்டை ஏற்கெனவே தெருவில் கிடந்ததால் தம்ளர்களுக்குப் பஞ்சமில்லை. எங்கள் கட்டிலிலும் பெட்டிகளிலும் ஆட்டுரலிலும் உட்கார்ந்து, தெருவே பால் குடித்தது. பிறகு அவர்களே சாமான்களை உள்ளே கொண்டுவந்து வைத்தார்கள்.

கிளம்பும்போது அண்ணாச்சி கேட்டார். "அடுத்த தடவை வீடு மாறும்போதும் நம்ம வண்டியத்தான் கூப்பிடணும். வாளி மட்டும் எங்கிட்ட இருக்கட்டும், என்ன டீச்சர்?"

நான் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "இனி எங்க அண்ணாச்சி மாறப் போறோம்? இதான் எங்க வீடு."

அன்று சாயங்காலம் அம்மா அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கினார். மேலிருந்து கீழாக விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, அம்புட்டும் நம்ம சாமானா?" என்றார். இப்போது அது சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அந்தத் தெருவில் இன்றைக்கும் எனக்கு 'வாளி டீச்சர்' என்றுதான் பெயர். யாராவது அப்படிக் கூப்பிடும்போதெல்லாம், நான் தப்பாகப் போட்ட ஒரு வரிசையால்தான் எங்கள் கதவு திறக்கும் முன்பே எங்களுக்கு ஒரு தெரு கிடைத்தது என்று நினைத்துக்கொண்டு, சந்தோஷமாகத் திரும்பிப் பார்க்கிறேன்.