கொண்டச்சிக்குப் போன பனிக்கை

மார்கழி மாதம், ஒரு வியாழக்கிழமை, காலை ஏழே கால். வவுனியாவிலிருந்து மன்னாருக்குப் போகும் பஸ்ஸில் நானும் அத்தானும் ஏறினோம். தூரம் எண்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஆளுக்கு முந்நூற்று இருபது ரூபாய் ரிக்கற். மன்னாருக்குப் போகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், மாதாவிடம் போவார்கள், வலசை வரும் பறவை பார்க்கப் போவார்கள். நாங்கள் மழை பார்க்கப் போனோம்.

அத்தான் என் அக்காவின் கணவர். நோர்வேயின் வடக்கு முனையில் ஒரு மீன் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை செய்தவர். இரண்டு வருடத்துக்கு முன் அதை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து குசினி மேசையில் இருந்து அவர் செய்துகொண்டிருந்த சாமான்தான் இப்போது மடியில் ஒரு பையில் இருந்தது. பார்த்தால் கறுப்புக் கையுறை. சுண்டுவிரல் ஓரத்தில் பல் வைத்த கெட்டிப் பிளாஸ்டிக் தகடு, அது கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்ட. விரல் நுனிகளில் ஒரு றப்பர் விளிம்பு, அது தண்ணீரை வழித்து எடுக்க. பெயர் பனிக்கை.

“கடையில விக்கிற சுரண்டிக்கெல்லாம் நீட்டுப் பிடி இருக்கு, வசந்தி. பிடி உடையும், தொலையும், கை விறைக்கும். நான் அந்தப் பிடியை இல்லாமல் செய்திருக்கிறன்” என்றார் அத்தான். பஸ் செட்டிகுளத்தைத் தாண்டுவதற்குள் இதை மூன்று தரம் சொல்லிவிட்டார்.

நோர்வேயில் ஒரு வர்த்தகக் கண்காட்சியில் அவருக்கு இடம் கொடுக்க ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஒரே நிபந்தனை, சாமான் பனியிலும் தண்ணீரிலும் வேலை செய்வதைக் காட்டி ஒரு சின்ன வீடியோ அனுப்ப வேண்டும். பனிக்குப் பஞ்சமில்லை. தண்ணீர்தான் பிரச்சினை. அவர் காரில் ஊற்றிய தண்ணீர், அக்கா கமெராவைத் திருப்புவதற்குள் உறைந்து பனியாகிவிட்டதாம். அதனால்தான் மாரி மழையைத் தேடி இங்கே வந்திருந்தார். மன்னார்க் கரையில் கடும் மழை பெய்யும் என்று வானொலியில் சொன்னதும் என்னை இரண்டு நாள் லீவு போட வைத்தார். நான் வவுனியாவில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். வீடியோ எடுப்பது என் பொறுப்பு.

பத்து மணிக்குக் கடல் நடுவே போகும் பாலத்தைக் கடந்து தீவுக்குள் இறங்கினோம். வானத்தில் ஒரு முகில் இல்லை. வெயில் வீதித் தாரை உருக்கியது. அத்தான் கண்ணைச் சுருக்கி மேலே பார்த்துவிட்டு, “பின்னேரம் வரும்” என்றார்.

பின்னேரம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் அவர் பொறுமை இழந்தார். நாங்கள் தங்கியிருந்த விடுதி முற்றத்தில் ஒரு சிறிய வான் நின்றது. மூக்கு இல்லாத, தட்டையான முகம் கொண்ட பழைய யப்பான் வான். அதன் சாரதி நியாஸ் கொண்டச்சிக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். அடுத்த நாள் எங்களை அரிப்புக் கடற்கரைக்குக் கூட்டிப்போகப் பதினாலாயிரம் ரூபாய்க்குப் பேசியிருந்தோம். அத்தான் இரண்டு வாளியில் தண்ணீர் நிரப்பி வைத்து, ஒன்றை வானின் முன்கண்ணாடியில் ஊற்றினார். கையுறையைப் போட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் போனை உயர்த்துவதற்குள் கண்ணாடி காய்ந்துவிட்டது. அவ்வளவு வெயில்.

இரண்டாவது வாளியை எடுக்கத் திரும்பினால், அதில் ஒரு கழுதை வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. மன்னார்ப் பட்டினத்தில் கழுதைகள் ஆட்களைப் போலத் தெருவால் வந்துபோகும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அத்தான் கையுறை போட்ட கையால் அதை மெதுவாகத் தள்ளினார். றப்பர் விளிம்பு கழுத்தில் பட்டதும் கழுதைக்கு அது பிடித்துப்போயிற்று. கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. அவர் நிறுத்தினால் தலையால் முட்டியது.

“சொறியச் சொல்லுது ஐயா. சொறிஞ்சு விடுங்கோ, அல்லாட்டிப் போகாது” என்றார் நியாஸ்.

அன்றைய வீடியோவில் பதிவானது அதுதான்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு வங்காலைப் பாதையால் தெற்கே புறப்பட்டோம். கடலைப் பின்னணியாக வைத்தாவது படம் எடுப்போம், மத்தியானம் நியாஸ் வீட்டில் சாப்பாடு என்று திட்டம். வங்காலைச் சந்தியில் தேநீர் குடித்தோம், கோப்பை எண்பது ரூபாய். குடித்து முடிக்கையில் கடல் பக்கம் கறுத்தது. ஒன்பதரைக்கு, அருவியாற்றுப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னே, வானம் உடைந்து கொட்டத் தொடங்கியது.

அத்தான் பையிலிருந்து கையுறையை எடுத்தார். கண் மின்னியது. நியாஸ் வைப்பரைப் போட்டார். அது பாதி தூரம் போய், ஒருமுறை நடுங்கி, அப்படியே நின்றுவிட்டது.

“என்ன தம்பி இது?” என்றேன்.

“எனக்குத் தெரியாது அக்கா. இந்த முறை மாரி பிந்திப்போச்சு, மாசக்கணக்கா மழை இல்ல. வைப்பர் வேலை செய்யுதா எண்டு ஆர் பார்த்தது?”

வானை ஓரங்கட்டினார். அத்தான் கதவைத் திறந்து மழைக்குள் குதித்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், கையுறையை மாட்டிக்கொண்டு கண்ணாடியின் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்தார். நான் உள்ளிருந்து பார்த்தேன். கண்ணாடியே இல்லாததுபோலத் தெளிவாக இருந்தது. மழை, பனை, அத்தானின் சிரிப்பு எல்லாம் துல்லியம். நியாஸ் கியரைப் போட்டு வானை இரண்டு அடி நகர்த்தினார். எல்லாம் மறுபடி தண்ணீர்.

அத்தான் ஓடிவந்து இன்னொரு தரம் வழித்தார். இன்னொரு மூன்றடி. மறுபடி தண்ணீர்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். பனியை ஒருதரம் சுரண்டினால் போதும், பிறகு காரை எடுத்துக்கொண்டு போகலாம். மழை அப்படியில்லை, நிற்காமல் விழும். இரண்டு வருடமாக அவர் செய்தது நிற்கிற வாகனத்துக்கு ஏற்ற சாமான். மெதுவாக வந்து முன் இருக்கையில் ஏறி, கையுறையைக் கழற்றாமலே மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

மழை கொஞ்சம் மெலிந்ததும் நியாஸ் தலையை வெளியே நீட்டிப் பார்த்துப் பார்த்து, ஆள் நடக்கும் வேகத்தில் பாலத்தைத் தாண்டி அரிப்பைக் கடந்தார். நேரம் பத்தே கால். ஊரின் கடைசி வேலியருகே ஒரு பெண் நின்றார். பக்கத்தில் தண்ணீர் புகுந்து நின்றுபோன ஸ்கூட்டி. தலையில் மழைத்தொப்பி, நெஞ்சோடு அணைத்தபடி ஒரு நீலப் பெட்டி. நியாஸ் அவரைக் கண்டதும் பள்ளிக்கூடப் பிள்ளைபோல நிமிர்ந்து இருந்தார்.

“ரெஜினா மிஸ். எங்கட மருத்துவமாது. என்ட ரெண்டு பிள்ளையையும் நிறுத்துப் பார்த்து எனக்கு ஏசினவ.”

மிஸ் ஏறி என் பக்கத்தில் இருந்தார். முதலில் பெட்டியை வைத்தார், பிறகுதான் தான் இருந்தார்.

“கொண்டச்சியில இண்டைக்குக் கிளினிக், நியாஸ். பதினாலு பிள்ளைக்குத் தடுப்பூசி. தாய்மார் ஒன்பது மணிக்கே வந்திருப்பினம். போனும் எடுபடேல்ல. நான் வரேல்ல எண்டு பன்னிரண்டுக்குள்ள எழும்பிப் போயிடுவினம். பிறகு அடுத்த மாசம்தான். ஏன் நிக்கிறீர்?”

“மிஸ், வைப்பர் வேலை செய்யாது. மழை திரும்பப் பலக்குது. கண் தெரியாமல் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓட ஏலாது.”

மிஸ்ஸின் பார்வை அத்தானின் கையில் விழுந்தது. “அது என்ன?”

அத்தான் விளக்கத் தொடங்கினார். தொழிற்சாலை மூடியதிலிருந்து தொடங்கினார். மிஸ் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“தண்ணி வழிக்குமோ?”

“வழிக்கும். ஆனால் வான் நிண்டால்தான்.”

“இருந்த இடத்தில இருந்து கையை வெளியில விட்டு வழிக்க ஏலாதோ?”

அவர் இடப்பக்க யன்னலால் கையை விட்டுப் பார்த்தார். அவருக்கு முன்னால் இருந்த கண்ணாடி மட்டும் எட்டியது. சாரதி இருப்பது வலப்பக்கம்.

“அப்ப ஒரு தடியில கட்டுங்கோ” என்றார் மிஸ்.

அத்தான் கையுறை போட்ட கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

“மிஸ்,” என்றார் அத்தான், “இதுக்குப் பிடி இல்லாததுதான் இதின்ர சிறப்பு.”

“பதினாலு பிள்ளையள், ஐயா” என்றார் மிஸ்.

அத்தான் கையுறையைக் கழற்றினார். நியாஸ் மழையில் இறங்கி அந்த வேலியில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பூவரசங் கம்பைப் பிடுங்கினார். “வரேக்குள்ள திருப்பிச் செருகவேணும், அது அந்தோனியாற்ற வேலி” என்று மிஸ் உள்ளிருந்து சொன்னார். பிறகு தன் பையிலிருந்து பண்டேஜ் சுருளை எடுத்து, கையுறைக்குள் கம்பைச் செருகி, எலும்பு முறிந்த கையைக் கட்டுவதுபோல இறுக்கிக் கட்டினார். அத்தான் அதை ஒரு துக்கவீட்டில் நிற்பவர் முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்த ஒரு மணி நேரப் பயணம்போல ஒன்றை நான் இதற்கு முன் செய்ததுமில்லை, இனிச் செய்யப்போவதுமில்லை. அத்தான் இடுப்பு வரை யன்னலுக்கு வெளியே. வலக்கையில் கம்பு, கம்பின் நுனியில் விரல்களை விரித்த கறுப்புக் கை, அது நியாஸின் முகத்துக்கு நேரே மேலும் கீழும் போய்வந்தது. உள்ளே நான் பின் இருக்கையிலிருந்து எக்கி அவர் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். நியாஸ் முதலாம் கியரை விட்டு மாறவில்லை. மிஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஆணையிட்டார்.

“இன்னும் கொஞ்சம் மேல. மேல எண்டன் ஐயா. நியாஸ், குழி.”

சிலாவத்துறைக்குக் கிட்ட ஒருமுறை கம்பு கையில் சுழன்று பல் வைத்த பக்கம் கண்ணாடியில் பட்டது. கிறீச்சென்று ஒரு சத்தம்.

“ஐயா, பல்லு” என்றார் நியாஸ். குரலில் அழுகை இருந்தது.

“மன்னிச்சுக்கொள்ளும் தம்பி” என்று மழைக்குள்ளிருந்து பதில் வந்தது.

சிலாவத்துறைச் சந்தியில் கடை வாசலில் ஒதுங்கி நின்றவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். ஒருவர் கும்பிட்டார். யாருக்கென்று தெரியவில்லை.

பதினொன்று நாற்பதுக்குக் கொண்டச்சிப் பொதுநோக்கு மண்டபத்தின் முன் வான் நின்றது. தாய்மார் குடையை விரித்துக்கொண்டு படியில் இறங்கத் தொடங்கியிருந்தார்கள். வானுக்கு வெளியே தொங்கும் மனிதரையும் அவர் பிடித்திருந்த தனிக் கையையும் கண்டு குழந்தைகள் ஊசி போடுமுன்னரே அழத் தொடங்கின. “இறங்க வேண்டாம், உள்ளுக்கு வாங்கோ, வரிசையில இருங்கோ” என்று மிஸ் சொன்னதும் எல்லாரும் ஒரு சொல் பேசாமல் திரும்பிப் போய் இருந்தார்கள்.

மேசையில் வைத்து நீலப் பெட்டியைத் திறந்து வெப்பமானியைப் பார்த்தார். தலையாட்டினார். உள்ளே ஐஸ் பொதிகளில் வெள்ளையாக உறைபனி பூத்திருந்தது. அத்தான் சொட்டச் சொட்ட நனைந்தபடி எட்டிப் பார்த்தார்.

“அதைச் சுரண்ட வேண்டாம், ஐயா” என்றார் மிஸ்.

அன்றைக்கு முதல்முறையாக அத்தான் சத்தமாகச் சிரித்தார். நியாஸும் சிரித்தார். மிஸ் மட்டும் சிரிக்காமல் முதல் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்.

பதினாலு பிள்ளைக்கும் ஊசி போட்டு முடிய ஒன்றே கால் ஆனது. அத்தான் ஒரு துவாயைப் போர்த்திக்கொண்டு மூலைக் கதிரையில் இருந்து, அழும் பிள்ளைகளுக்கு முகம் காட்டி இன்னும் அழவைத்தார். நடுவில் என்னிடம் வந்து மெதுவாக, “படம் எடுத்தனியோ?” என்று கேட்டார்.

“பெல்ட்டைப் பிடிக்கிறதோ, படம் எடுக்கிறதோ அத்தான்?”

கோபிப்பார் என்று நினைத்தேன். “நீ பிடிச்சது நல்லதுதான்” என்று சொல்லிவிட்டுப் போய் இருந்துவிட்டார்.

நியாஸ் வீட்டில் மனைவி பாரை மீன் குழம்பும் கணவாய்ப் பொரியலும் வைத்திருந்தார். அத்தான் மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். திரும்பி வரும்போது மழை விட்டிருந்தது. அரிப்பில் அத்தான் இறங்கி, பண்டேஜை அவிழ்த்து, கம்பை வேலியில் அவரே செருகினார். கண்ணாடியில் விழுந்த கீறலைப் பார்த்து நியாஸிடம் இன்னொரு தரம் மன்னிப்புக் கேட்டார். “இருக்கட்டும் ஐயா, ஆர் கேட்டாலும் சொல்ல ஒரு கதை இருக்கு” என்றார் நியாஸ்.

ஞாயிறு காலை ஒன்பது மணி பஸ்ஸில் வவுனியாவுக்குத் திரும்பினோம். பாலத்தின் இரு பக்கமும் கடல் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. அத்தான் நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். முருங்கன் தாண்டியதும் பேசினார்.

“அங்க எங்கட தெருவில காலமை ஏழு மணிக்கு ஒன்பது பேர் நிண்டு பனி சுரண்டுவினம், வசந்தி. அவையவை தன்தன்ர கண்ணாடியை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் வந்து பன்னிரண்டு வருசம். பேர் என்னெண்டு எனக்குத் தெரியாது.”

“ஏன் கேக்கேல்லை?”

“தேவைப்படேல்லை.” கையுறையைப் பைக்குள் தள்ளிவிட்டு, “போய்க் கேக்கப்போறன்” என்றார்.

அந்த வானுக்குள் ஒருவருக்கொருவர் கையும் கண்ணுமாகப் போன எங்கள் நாலு பேரையும் நினைத்துக்கொண்டேன். என் இரண்டு முழங்கையும் வலித்தன. எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுக்காரியின் பெயர் எனக்கும் தெரியாது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் நோர்வே போய் இரண்டாவது கிழமை அக்கா போன் எடுத்தா.

“உன்ர அத்தான் இண்டைக்குக் காலமை பக்கத்து வீட்டுக்காரன்ர காரைச் சுரண்டிக்கொண்டு நிண்டிருக்கிறார். கள்ளன் எண்டு நினைச்சு அந்த மனிசன் சப்பாத்தும் போடாமல் பனிக்குள்ள ஓடிவந்திட்டான். பிறகு என்ன பேசிச்சினமோ தெரியாது. இப்ப ரெண்டு பேரும் குசினியில இருந்து கோப்பி குடிக்கினம். ஒரு மணித்தியாலமாச்சு. அவன்ர காலுக்கு நான் சுடுதண்ணி வைச்சுக் குடுத்தனான்.”

“அப்ப பேர் என்னவாம், அக்கா?”

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு குசினிப் பக்கம் போய் வந்தா.

“அதை இன்னும் கேக்கேல்லையாம்.”